ஐரோப்பாவிலிருந்து என்.பி.ஏ. வரை: ஒரு இளம் கூடைப்பந்து வீரர் கடக்கும் படிகள்

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.-வில், வழக்கமாக ஜூனில், அணிகள் வரிசையாகவும் இரண்டு சுற்றுகளாகவும் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிதான் டிராஃப்ட். 2001 டிராஃப்டில் பிரான்ஸின் டோனி பார்க்கரை சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 28-வது ஆளாக எடுத்தது. இரண்டு வருடம் கழித்து செர்பியாவின் டார்கோ மிலிசிச்சை டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 2-வது ஆளாக எடுத்தது. லெப்ரான் ஜேம்ஸுக்கு அடுத்த இடம். பின்னாளில் நட்சத்திரங்களான கார்மெலோ ஆன்டனி, கிரிஸ் போஷ், டுவைன் வேட் எல்லோரும் அவருக்குப் பின்னால்தான். முதல் சீசனில் பார்க்கர் 77 போட்டிகள் ஆடினார், அதில் 72-ல் ஆட்டம் தொடங்கும் ஐவரில் ஒருவர். மிலிசிச் ஆடியது 34 போட்டிகள், சராசரியாக 5 நிமிடம்கூட இல்லை. பார்க்கர் நான்கு முறை சாம்பியன் ஆனார். மிலிசிச் 27 வயதில் அந்த லீக்கை விட்டே போய்விட்டார்.

திறமையில் இருவருக்கும் அத்தனை தூரம் இருந்ததா? நான் நம்பவில்லை. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் பையனால் ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது, பயிற்சியாளரையும் தேர்ந்தெடுக்க முடியாது. அவன் கையில் இருப்பவை இரண்டுதான்: எப்போது கிளம்புவது, முதல் நாளிலேயே செய்து காட்டக்கூடிய எந்த வேலையைக் கற்றுக்கொண்டு கிளம்புவது. மற்றதெல்லாம் போன பிறகு பழகிக்கொள்வது. அடுத்த ஜூனில் ஏதோ ஒரு பிரெஞ்சு, செர்பிய, லிதுவேனியப் பெயர் மேடையில் படிக்கப்படும்போது, அந்தப் பையனுக்கு என்னென்ன காத்திருக்கிறது என்று கணிக்க இந்தப் படிகள் உதவும்.

படி 1: எந்த ஜூன்?

விதி எளிது. அமெரிக்காவுக்கு வெளியே ஆடுபவர், டிராஃப்ட் நடக்கும் அந்தக் காலண்டர் வருடத்துக்குள் 19 வயதை எட்டுவதாக இருந்தால் பெயர் கொடுக்கலாம். 22 வயதாகும் வருடத்தில், பெயர் கொடுக்காவிட்டாலும் தானாகவே பட்டியலில் சேர்ந்துவிடுவார். முன்கூட்டிப் பெயர் கொடுத்தவர் டிராஃப்டுக்கு 10 நாள் முன்புவரை பின்வாங்கலாம். ஆக, நான்கு ஜூன் மாதங்கள் கையில் இருக்கின்றன. அவற்றில் எது?

லூகா டான்சிச் 19 வயதில் போனார், உடனே ஜொலித்தார் என்று எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அதில் பாதிதான் உண்மை. ஸ்லோவேனியாவின் லூப்லியானாவிலிருந்து 13 வயதில் ரியல் மாட்ரிட்டுக்கு வந்தவர் அவர். 16 வயதில் பெரியவர்கள் அணியில் அறிமுகம். 2017-ல் ஸ்லோவேனியா ஐரோப்பிய சாம்பியன் ஆனபோது அந்த அணியில் முக்கியமான ஆள். 2018-ல் ஐரோப்பாவின் தலைசிறந்த கிளப் போட்டியான யூரோலீக்கின் கோப்பையோடு அந்த லீக்கின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. டல்லாஸில் முதல் சீசனிலேயே சராசரியாக 21.2 புள்ளிகள் எடுத்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? வயதுதான் 19. வளர்ந்த ஆண்களோடு மோதிய அனுபவம் மூன்று வருடம்.

நிகோலா யோகிச்சின் வழி வேறு. 2014-ல் டென்வர் அவரை 41-வது ஆளாக எடுத்தது. அவர் பெயர் அறிவிக்கப்பட்ட நேரத்தில் தொலைக்காட்சியில் ஒரு சாப்பாட்டுக் கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவரோ செர்பியாவில் தூங்கிக்கொண்டிருந்தார். உடனே அமெரிக்கா போகவில்லை. இன்னொரு வருடம் செர்பியாவின் மெகா கிளப்பிலேயே ஆடி, ஏட்ரியாட்டிக் லீக்கின் சிறந்த வீரராகி, 2015-ல்தான் டென்வர் சேர்ந்தார். எடுத்த ஆளைக் கொஞ்ச காலம் ஐரோப்பாவிலேயே விட்டுவைக்கும் இந்த வழக்கம் இரண்டாம் சுற்று வீரர்களுக்கு ஒரு வரம் என்றே நான் சொல்வேன். அமெரிக்காவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வருடத்தைவிட, சொந்த ஊரில் 30 நிமிடம் ஆடும் வருடம் பல மடங்கு மேல்.

பெரிய ஐரோப்பிய கிளப்பில் இருப்பது மட்டுமே போதாது. யூரோலீக் பயிற்சியாளருக்கு ஒவ்வொரு தோல்வியும் வேலைக்கு வேட்டு. 18 வயதுப் பையனைத் தவறு செய்யவிட்டுப் பார்க்க அவருக்குப் பொறுமையும் இருக்காது, அவகாசமும் இருக்காது. இதைப் புரிந்துகொண்டு நடந்தவர் பிரான்ஸின் விக்டர் வெம்பன்யாமா. 2022-ல் யூரோலீக் ஆடிய ஆஸ்வெல் கிளப்பை விட்டு, பாரிஸ் புறநகரின் மெட்ரோபாலிடன்ஸ் 92-க்கு வந்தார். அங்கே பயிற்சியாளர் வின்சென்ட் கோலே அணியையே அவரைச் சுற்றி அமைத்தார். கௌரவத்தில் ஒரு படி கீழே, மைதானத்தில் இருக்கும் நேரத்தில் பல படி மேலே. அந்த வருடம் அணி பிரெஞ்சு லீக் இறுதிப் போட்டி வரை போனது.

இப்போது மூன்றாவது பாதையும் திறந்திருக்கிறது: அமெரிக்கக் கல்லூரி. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம்; 2025-ல் வந்த நீதிமன்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். ரியல் மாட்ரிட் இளையோர் அணியில் வளர்ந்த ரஷ்யர் யெகோர் டியோமின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் போனார்; பார்சிலோனாவில் வளர்ந்த லிதுவேனியர் கஸ்பராஸ் யாகுச்சியோனிஸ் இல்லினாய் போனார். ஒரே வருடம். 2025 டிராஃப்டில் முதலாமவர் 8-வது இடத்தில், இரண்டாமவர் 20-வது இடத்தில். ஐரோப்பிய கிளப்புகளுக்கு இது வயிற்றெரிச்சல்தான். 13 வயதிலிருந்து சோறு போட்டு வளர்த்த பையன் 18 வயதில் கையசைத்துவிட்டுப் போகிறான். பையனின் பக்கத்திலிருந்து பார்த்தால் மொழி, சாப்பாடு, பயணம், வெயிட் ரூம் எல்லாவற்றுக்கும் ஒரு வருட முன்பழக்கம் கிடைக்கிறது. ஆட்டத்தின் தரத்தில் மட்டும் எனக்குத் தயக்கம்: கல்லூரியில் எதிரே நிற்பவனும் பெரும்பாலும் 20 வயதுப் பையன்தான். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் 32 வயது யூரோலீக் கார்டு சொல்லித்தரும் தந்திரத்தை அவன் சொல்லித்தர மாட்டான்.

படி 2: பைஅவுட், ஒப்பந்தம்

ஐரோப்பிய கிளப்போடு ஒப்பந்தம் பாக்கி இருந்தால், அதை உடைக்க ஒரு தொகை கட்ட வேண்டும். அதுதான் பைஅவுட். என்.பி.ஏ. அணி, தன் வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு உள்ள உச்சவரம்பைத் தொடாமல் இதற்குக் கொடுக்கக்கூடிய பணத்துக்கு ஒரு எல்லை உண்டு. அதற்கு மேல் வந்தால் வீரரின் பாக்கெட்டிலிருந்துதான். ஸ்பெயினின் ரிக்கி ரூபியோவை 2009-ல் 18 வயதில் மினசோட்டா 5-வது ஆளாக எடுத்தது. படலோனாவின் யோவென்டூட் கிளப் கேட்ட தொகை அந்த வயதுப் பையன் சுமக்கக்கூடியதாக இல்லை. பார்சிலோனா அவரை வாங்கிக்கொண்டது. மினசோட்டா இரண்டு வருடம் காத்திருந்தது. 15, 16 வயதில் பெற்றோரும் ஏஜென்டும் கையெழுத்துப் போடும் காகிதத்தில் இந்த ஒரு வரியைப் படிக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரின் சம்பளம், எத்தனையாவது இடம் என்பதை வைத்துக் கிட்டத்தட்ட நிர்ணயமாகிவிடும். முதல் இரண்டு வருடம் உத்தரவாதம். மூன்றாவதும் நான்காவதும் அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. முதல் சுற்று வீரர் மூன்று வருடம் ஐரோப்பாவிலேயே இருந்துவிட்டால் அந்தச் சம்பள அட்டவணை அவரைக் கட்டுப்படுத்தாது, பேரம் பேசலாம். நிகோலா மிரோடிச் 2011-ல் எடுக்கப்பட்டு 2014-ல் சிகாகோ போனதும், போக்தான் போக்தானோவிச் 2014-ல் எடுக்கப்பட்டு, துருக்கியின் ஃபெனர்பாஹ்செயோடு யூரோலீக் வென்ற கையோடு 2017-ல் சேக்ரமென்டோ போனதும் இந்தக் கணக்கோடுதான்.

இன்னொரு சங்கதி, பல குடும்பங்கள் தடுமாறும் இடம். ஐரோப்பாவில் சம்பளம் பேசினால் பொதுவாக வரி போகக் கையில் வரும் தொகையைத்தான் சொல்வார்கள். வீடும் காரும் கிளப் தரும். அமெரிக்காவில் சொல்வது மொத்தத் தொகை. மத்திய அரசு வரி, மாநில வரி, வெளியூரில் ஆடிய போட்டிகளுக்கு அந்தந்த மாநிலம் கேட்கும் வரி, ஏஜென்ட் பங்கு எல்லாம் போகத்தான் மிச்சம். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, கலிஃபோர்னியாவில் மிக அதிகம். ஒரே எண் எழுதிய ஒப்பந்தம், இரண்டு ஊரில் இரண்டு சம்பளம்.

படி 3: அணியில் காலி இடம் இருக்கிறதா?

"நல்ல அணிக்குப் போவதா, தோற்கிற அணிக்குப் போவதா" என்று ரசிகர்கள் விவாதிப்பதுண்டு. பார்க்க வேண்டியது அதுவல்ல என்பது என் கட்சி. அவன் ஆடும் இடத்தில் இப்போது யார் ஆடுகிறார்கள்? அதைப் பாருங்கள். பார்க்கர் போன ஸ்பர்ஸ் அப்போதே வலுவான அணி, அதன் நட்சத்திரம் டிம் டங்கன் உச்சத்தில் இருந்தார். ஆனால் பந்தைக் கொண்டுவரும் கார்டு ஏவரி ஜான்சன் அந்தக் கோடையில்தான் அணியை விட்டுப் போயிருந்தார். நாற்காலி காலி. மிலிசிச் போன டெட்ராய்ட்டிலோ உயரமான வீரர்கள் ஏற்கெனவே நிறைந்திருந்தார்கள். அணி கோப்பையைத் துரத்திக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் லாரி பிரவுனுக்கு 18 வயதுப் பையனை வளர்க்கும் அவசரம் எதுவும் இல்லை. 2004-ல் அணி சாம்பியன் ஆனது. மிலிசிச்சுக்குச் சாம்பியன் மோதிரம் கிடைத்தது, ஆட்டம் கிடைக்கவில்லை.

இதே கதை முன்பும் நடந்திருக்கிறது. டிராசன் பெட்ரோவிச் ஐரோப்பாவின் மிகப் பெரிய நட்சத்திரமாக 1989-ல் போர்ட்லண்ட் போனார். அங்கே அவர் இடத்தில் கிளைட் டிரெக்ஸ்லரும் டெர்ரி போர்ட்டரும். முதல் சீசனில் சராசரியாகச் சுமார் 12 நிமிடம்தான். 1991 ஜனவரியில் நியூ ஜெர்சி நெட்ஸுக்கு மாறினார். இடம் கிடைத்ததும் 1992-93 சீசனில் சராசரி 22.3 புள்ளிகள். அதே மனிதர், அதே கை. அந்தச் சீசன் முடிந்த ஜூனில் ஜெர்மனியில் நடந்த கார் விபத்தில் அவர் இறந்துபோனார், 28 வயது. சுவாரசியமான ஒரு தொடர்ச்சி: பெட்ரோவிச்சின் வழியில் நின்ற அதே டெர்ரி போர்ட்டர், 2001-ல் வயதான காலத்தில் ஸ்பர்ஸில் பார்க்கருக்கு மாற்று ஆளாக உட்கார்ந்திருந்தார்.

படி 4: கோடை

பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் லீக் இறுதிப் போட்டிகள் ஜூன் பாதிவரை இழுக்கும். 2023-ல் வெம்பன்யாமாவின் கடைசிப் பிரெஞ்சுப் போட்டி ஜூன் 15. டிராஃப்ட் ஜூன் 22. ஜூலை 7 அன்று, புது வீரர்களைச் சோதித்துப் பார்க்கும் லாஸ் வேகஸ் சம்மர் லீக்கில் முதல் ஆட்டம். 13 ஷாட் எடுத்து இரண்டுதான் விழுந்தது, 9 புள்ளிகள். இணையம் சிரித்தது. இரண்டு நாள் கழித்து 27 புள்ளிகள். அடுத்த வருடம் இன்னொரு பிரெஞ்சுக்காரர், வாஷிங்டனின் அலெக்ஸ் சார், ஒரு சம்மர் லீக் ஆட்டத்தில் 15 ஷாட் எடுத்து ஒன்றைக்கூடப் போடவில்லை. அந்த சீசன் முடிவில் சிறந்த அறிமுக வீரர்களின் முதல் ஐவரில் அவரும் இருந்தார். சம்மர் லீக்கில் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். கால் எங்கே நிற்கிறது, உதவிக்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறான், இடிபட்ட பிறகு எழுந்து ஓடுகிறானா என்று மட்டும் பாருங்கள்.

உடம்பு விஷயத்தில் அவசரம் கூடாது. யான்னிஸ் அன்டெடோகும்போ 2013-ல் ஏதென்ஸின் ஃபிலத்லிடிகோஸ் என்ற இரண்டாம் டிவிஷன் அணியிலிருந்து மில்வாக்கி வந்தபோது குச்சி மாதிரி இருந்தார், 90 கிலோவை ஒட்டி. இன்று 110-ஐ ஒட்டி. அந்த 20 கிலோ ஒரே கோடையில் வந்ததில்லை, பல வருட வேலை. யோகிச்சுக்கு நேர்மாறான பிரச்சினை. நாளுக்கு மூன்று லிட்டர் கோலா குடித்தவர், டென்வர் போகும் விமானத்தில் கடைசியாக ஒன்றைக் குடித்துவிட்டு நிறுத்தினார் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

படி 5: மைதானத்தைப் புதிதாகப் படிப்பது

இங்கேதான் உண்மையான பாடம். இரண்டு மைதானங்களும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்: சர்வதேச மைதானம் 28 மீட்டருக்கு 15 மீட்டர், என்.பி.ஏ. அதைவிடக் கொஞ்சமே பெரிது. ஆனால் உள்ளே இருக்கும் காலியிடம் முற்றிலும் வேறு.

காரணம் ஒரு விதி. என்.பி.ஏ.-வில் தடுக்கும் வீரர், எதிராளி யாரையும் கைக்கெட்டும் தூரத்தில் காக்காமல், கூடைக்கு முன்னால் உள்ள பெயின்ட் பகுதியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது. நின்றால் ஒரு ஃப்ரீ த்ரோவும் (யாரும் தடுக்காமல் போடும் ஷாட்) பந்தும் எதிரணிக்கு. சர்வதேச விதியில் இந்தத் தடை கிடையாது. ஐரோப்பாவில் ஏழடி ஆள் ஒருவர் கூடைக்கடியில் கூடாரம் போட்டு உட்காரலாம். பந்தோடு உள்ளே வருபவர் கடைசியில் அந்தச் சுவரில்தான் மோத வேண்டும். அமெரிக்காவில் அந்தச் சுவர் விநாடிக்கு விநாடி வெளியே போய் வர வேண்டும். அதனுடன் மூன்று புள்ளிக் கோட்டின் (அதற்கு வெளியிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சர்வதேச மைதானத்தில் 6.75 மீட்டர், என்.பி.ஏ.-வில் 7.24. காக்கிற ஆட்கள் அரை மீட்டர் வெளியே இழுக்கப்படுகிறார்கள். நடுவில் ஓடுவதற்கு இடம் திறக்கிறது.

ஐரோப்பாவைவிட என்.பி.ஏ.-வில் புள்ளி எடுப்பது எளிது என்று டான்சிச் சொன்னபோது அமெரிக்காவில் சிலர் கோபப்பட்டார்கள். அவர் சொன்னது இந்த இடத்தைப் பற்றித்தான். நெருக்கடியில் பந்தைக் கையாளப் பழகியவனுக்கு இடம் கிடைத்தால் கொண்டாட்டம். பந்தை வைத்து ஆடும் ஐரோப்பிய இளைஞர்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்வதும், கூடைக்கடியில் நின்று பழகியவர்கள் தடுமாறுவதும் ஒரே காரணத்தால்தான்.

தடுப்பாட்டத்தில் கணக்கு தலைகீழ். அந்தத் திறந்த இடத்தை இப்போது இவன் காக்க வேண்டும். ஐரோப்பாவில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு திட்டப்படி நகர்வார்கள். தவறினால் பின்னால் ஆள் உண்டு. என்.பி.ஏ.-வில் எதிரணி வேண்டுமென்றே ஸ்கிரீன் (காக்கும் ஆளின் வழியை உடம்பால் மறிப்பது) போட்டுப் போட்டு, தடுப்பில் பலவீனமான ஆள் யாரோ அவனைத் தங்கள் நட்சத்திரத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். புதிதாக வந்த 19 வயது ஐரோப்பியன் என்றால் முதல் மாதம் முழுக்கக் குறி அவன்தான். ஒற்றைக்கு ஒற்றை நின்று, தப்பாட்டம் செய்யாமல், எதிராளியைக் கடினமான ஷாட்டுக்குத் தள்ளிவிட முடிந்தால் பயிற்சியாளர் அவனை மைதானத்தில் விட்டுவைப்பார். முடியாவிட்டால் எவ்வளவு அழகாகப் பந்து போட்டாலும் பெஞ்ச்தான்.

சின்னச் சின்னப் பழக்கங்களும் மாற வேண்டும். சர்வதேச விதியில் பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால் யாரும் அதைத் தட்டிவிடலாம். என்.பி.ஏ.-வில் வளையத்துக்கு நேர் மேலே இருக்கும் பந்தைத் தொடக் கூடாது. உயரமான பையன்களுக்குக் கை தானாகவே போகும். இரண்டு முறை விசில் வாங்கினால்தான் அடங்கும். ஆட்டம் 40 நிமிடத்துக்குப் பதில் 48, ஐந்து தவறில் வெளியேறுவதற்குப் பதில் ஆறில். பந்து கையில் இருக்கும்போது வீரரே டைம்அவுட் கேட்கலாம். ஐரோப்பாவில் அது பயிற்சியாளரின் உரிமை. பந்தைத் தட்டாமல் எத்தனை அடி வைத்தான் என்ற புகார் பழைய கதை. 2017-லிருந்து சர்வதேச விதியும் ஓட்டத்தில் பந்தைக் கையில் சேகரிக்கும் அடியை எண்ணாமல் விட்டதால் அந்தச் சண்டை ஏறக்குறைய முடிந்துவிட்டது.

உயரமும் துள்ளலும் வேறு ரகம். சொந்த ஊரில் கூடையருகே ஓடிவந்து தடையில்லாமல் போட்ட லே-அப்பை இங்கே பின்னாலிருந்து வந்து ஒருவர் பலகையில் அறைந்துவிட்டுப் போவார். பார்க்கர் மாதிரிச் சிறிய ஆட்கள் பிழைத்தது ஃப்ளோட்டரால்: தடுப்பவர் எழும்புவதற்கு முன்பே, ஓட்டத்திலேயே உயரமாக மிதக்கவிடும் பந்து. அவருடைய தூர ஷாட் வருடக்கணக்கில் பலவீனமாக இருந்தது. 2005-ல் ஸ்பர்ஸுக்கு வந்த ஷூட்டிங் பயிற்சியாளர் சிப் எங்கலண்ட் அதைப் பிரித்துக் கட்டினார். 2007-ல் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது பார்க்கருக்கு. அதைப் பெற்ற முதல் ஐரோப்பியர்.

படி 6: ஒரு வேலை, முதல் நாளிலிருந்து

ஊரில் ராஜாவாக இருந்தவனுக்கு இங்கே ஒரு ஆட்டத்தில் எட்டு நிமிடம் கிடைக்கும், அதில் பந்து நாலு முறை கைக்கு வரும். அந்த நாலு முறையில் என்ன செய்கிறான் என்பதில்தான் ஒன்பதாவது நிமிடம் இருக்கிறது.

பயிற்சியாளர்கள் புது ஆட்களை மூலையில் நிறுத்துவதைக் கவனித்திருப்பீர்கள். என்.பி.ஏ. மூன்று புள்ளிக் கோடு மூலையில் 6.70 மீட்டர்தான், அதாவது ஐரோப்பாவில் நடுவிலிருந்து போட்டுப் பழகிய தூரத்துக்குச் சமம். கை புதிதாக எதையும் கற்க வேண்டாம். லாட்வியாவின் டாவிஸ் பெர்டான்ஸ் 2011-ல் 42-வது ஆளாக எடுக்கப்பட்டு, 2016-ல்தான் ஸ்பர்ஸுக்கு வந்தார். அவர் கொண்டுவந்தது ஒரே சரக்கு: தூரத்திலிருந்து வேகமாக, தயங்காமல் போடும் ஷாட். அதை நம்பி வாஷிங்டன் 2020-ல் அவருக்கு ஐந்து வருடத்துக்கு 8 கோடி டாலர் எழுதிக்கொடுத்தது.

எதிர் உதாரணம் ஃபிராங்க் நிலிகினா. 2017-ல் நியூ யார்க் நிக்ஸ் 8-வது ஆளாக எடுத்த பிரெஞ்சுக்காரர், நீண்ட கைகள், முதல் நாளிலிருந்தே நல்ல தடுப்பாட்டம். ஆனால் ஷாட் நம்பிக்கைக்குரியதாக ஆகவேயில்லை. எதிரணி அவரை விட்டுவிட்டு மற்றவர்களை நெருக்கியது. தடுப்பு மட்டும் தெரிந்தவரைவிட ஷாட் மட்டும் தெரிந்தவருக்கு இந்த லீக் அதிகப் பொறுமை காட்டும். நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனாலும் நடைமுறை அதுதான்.

படி 7: 82 போட்டிகள், பயிற்சிக்கு நேரமில்லை

82 என்ற எண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் மிரளுவார்கள். யூரோலீக்கும் உள்நாட்டு லீக்கும் சேர்த்தால் ஒரு பெரிய ஐரோப்பிய கிளப்பும் 70-ஐத் தாண்டிவிடும். வித்தியாசம் நடுவில் உள்ள நாட்களில். ஐரோப்பாவில் பையன் பயிற்சியில்தான் வளர்கிறான்; காலையும் மாலையும் இரண்டு வேளைப் பயிற்சி சாதாரணம். என்.பி.ஏ.-வில் சீசன் தொடங்கிவிட்டால் முழு அணிப் பயிற்சி அபூர்வம். அக்டோபரிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை ஆட்டம், விமானம், ஹோட்டல், காலையில் லேசான ஷூட்டிங், வீடியோ, மறுபடி ஆட்டம். அடுத்தடுத்த இரவுகளில் இரண்டு ஊரில் ஆடுவதும் உண்டு. தன் தவறைத் திருத்திக்கொள்ளத் தனியாக ஒரு உதவிப் பயிற்சியாளரோடு மைதானத்துக்கு முன்கூட்டி வர வேண்டும். யாரும் கூப்பிட மாட்டார்கள். இவன்தான் கேட்க வேண்டும். ஐரோப்பாவில் கத்தித் திருத்தும் பயிற்சியாளரிடம் வளர்ந்தவனுக்கு இந்த மௌனம் குழப்பமாக இருக்கும்: திட்டவில்லை என்றால் சரியாக ஆடுகிறோம் என்று நினைத்துக்கொள்வான்.

ஜனவரி கடைசியில் கால் கனக்கும், ஷாட் குறுகும். ரூக்கிகள் (முதல் வருட வீரர்கள்) எல்லோருக்கும் வரும் சோர்வு இது, அமெரிக்கர்களுக்கும்தான். ஐரோப்பியனுக்குக் கூடுதலாக முந்தைய கோடையில் தேசிய அணி ஆட்டமும் இருந்திருக்கும்.

படி 8: வீடு

மொழி பெரிய தடை இல்லை. ஐரோப்பிய கிளப்புகளில் அமெரிக்கர்கள் நிறைய இருப்பதால் மைதானத்து ஆங்கிலம் 17 வயதிலேயே காதில் ஏறிவிடும். தனிமைதான் தடை. யான்னிஸ் முதல் குளிர்காலத்தில் கையிலிருந்த பணத்தையெல்லாம் ஏதென்ஸில் இருந்த குடும்பத்துக்கு அனுப்பிவிட்டு, டாக்சிக்குக் காசில்லாமல் மில்வாக்கி தெருவில் அரங்கத்தை நோக்கி ஓடிய கதை பிரபலம். வழியில் ஒரு தம்பதி அடையாளம் கண்டு காரில் ஏற்றிக்கொண்டார்கள். 2014 தொடக்கத்தில் பெற்றோர் வந்து சேர்ந்தார்கள். யோகிச் டென்வர் போனபோதே இரண்டு அண்ணன்களும் கூடவே போய் ஒரே வீட்டில் இருந்தார்கள். டல்லாஸில் ஜெர்மனியின் டர்க் நோவிட்ஸ்கிக்குக் குடும்பம் இல்லை. ஆனால் அவர் வந்த அதே 1998-ல் அணிக்கு வந்த கனடாவின் ஸ்டீவ் நாஷ் நண்பராகக் கிடைத்தார்.

பணமும் விளம்பரமும் மனதைக் காப்பாற்றிவிடாது. ரூபியோ 2023-ல் மனநலத்துக்காக ஆட்டத்தை நிறுத்தினார், 2024 ஜனவரியில் என்.பி.ஏ.-விலிருந்து விலகினார். 14 வயதில் பெரியவர்களோடு ஆடத் தொடங்கியவர் அவர்.

படி 9: இரண்டாவது வருடத்தில் தீர்ப்புச் சொல்லுங்கள்

நோவிட்ஸ்கியின் முதல் சீசன் சராசரி 8.2 புள்ளிகள். லாக்அவுட்டால் (சம்பளத் தகராறில் அணி உரிமையாளர்கள் ஆட்டத்தை நிறுத்திவைப்பது) 50 போட்டிகளாகச் சுருங்கிய வருடம் அது. ஜெர்மனிக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். அடுத்த வருடம் 17.5. யான்னிஸ் முதல் வருடம் 6.8, ஆறாவது வருடத்தில் லீக்கின் சிறந்த வீரர்.

அணியும் மாற வேண்டியிருக்கும், இதை ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள். டென்வர் யோகிச்சையும் போஸ்னியாவின் யூசுஃப் நூர்கிச்சையும் சேர்த்து ஆடவைத்துப் பார்த்தது, சரிவரவில்லை. 2016 டிசம்பர் 15 அன்று யோகிச்சை நடுவில் நிறுத்தி, தாக்குதலை அவர் வழியாகவே ஓட்டத் தொடங்கினார்கள். நூர்கிச் இரண்டு மாதத்தில் போர்ட்லண்ட் போய்விட்டார். ஸ்பர்ஸும் 2023-ல் வெம்பன்யாமாவின் பக்கத்தில் கூடையருகே ஆடும் இன்னொரு சென்டரை வைத்துத் தொடங்கி, டிசம்பரில் அவரையே சென்டர் ஆக்கியது. அணி அந்த வருடம் வென்றது 22 போட்டிகள்தான். ஆனால் சிறந்த அறிமுக வீரர் விருதுக்கு எல்லா வாக்கும் அவருக்கே விழுந்தது.

படி 10: திரும்பிப் போவதும் ஒரு வழி

வாசிலிஸ் ஸ்பனூலிஸ் 2006-07-ல் ஹூஸ்டனில் ஒரே சீசன் இருந்துவிட்டு கிரீஸ் திரும்பினார். அப்புறம் மூன்று யூரோலீக் கோப்பைகள். 2011-ல் 6-வது ஆளாக வாஷிங்டன் எடுத்த செக் வீரர் யான் வெசெலி 2014-ல் ஃபெனர்பாஹ்செ போய், 2019-ல் யூரோலீக்கின் சிறந்த வீரர் ஆனார். ஒப்பந்தம் முடியும் வருடத்தில் அமெரிக்காவில் பத்து நிமிடத்துக்காகத் தொங்கிக்கொண்டிருப்பதைவிட 24 வயதில் திரும்புவது பல சமயம் புத்திசாலித்தனம். 27-ல் திரும்பினால் ஐரோப்பாவிலும் நல்ல நாற்காலிகள் நிரம்பியிருக்கும்.

திரும்பியவர்களுக்குக் கதவு சாத்தப்படுவதும் இல்லை. கெர்ஷோன் யாபுசெலேயை 2016-ல் பாஸ்டன் 16-வது ஆளாக எடுத்து, 2019-ல் விடுவித்தது. சீனா, ஆஸ்வெல், அப்புறம் ரியல் மாட்ரிட்டோடு 2023 யூரோலீக் கோப்பை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவுக்கு எதிராக 20 புள்ளிகள், லெப்ரான் ஜேம்ஸ் தலைக்கு மேல் எழும்பி, பந்தை வளையத்துக்குள் அழுத்திய ஒரு டங்க். சில நாட்களில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஒரு வருட ஒப்பந்தம் வந்தது. மாட்ரிட் பைஅவுட்டைக் கட்டிவிட்டுக் கிளம்பினார். அந்த சீசனில் சராசரி 11 புள்ளிகள். அதற்கடுத்த கோடையில் நியூ யார்க் நிக்ஸ் அழைத்துக்கொண்டது.